குன்றிமணிக்கு எதிரே எள்: பென்னுவைச் சுற்றிய விண்கலமும் வெயிலின் தள்ளலும்

உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். இறுதியாண்டு மாணவர் மூவர் தங்கள் செய்முறைத் திட்டத்துக்குப் பென்னு என்ற சிறுகோளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைச் சுற்றும் விண்கலம் ஒன்றின் பாதையைக் கணினியில் வரைய வேண்டும். பென்னுவின் ஈர்ப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும், மற்ற விசைகள் எல்லாம் புறக்கணிக்கத்தக்கவை என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். நாற்பது வரியில் பைத்தான் நிரல் எழுதி ஓடவிட்டார்கள். திரையில் வட்டம் வந்தது. அறுபது நாள் கணக்குக்கு நீட்டினார்கள்; அப்போதும் வட்டம் வட்டமாகவே இருந்தது.

மூவரில் ஒருத்தி பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். உண்மையில் பென்னுவைச் சுற்றிய, அமெரிக்காவின் நாசா அனுப்பிய ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் பாதைப் படங்களை அவள் தேடிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் வந்து கேட்டாள்: "ஐயா, நம் கணக்குப்படி எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் ஒன்றுதான். அவர்கள் மட்டும் பகலும் இரவும் சந்திக்கிற கோட்டுக்கு மேலேயே சுற்றியிருக்கிறார்கள். வேறு பக்கம் ஏன் சுற்றவில்லை?"

"சோலார் பலகைக்கு எந்நேரமும் வெயில் கிடைக்க வேண்டும் அல்லவா, அம்மணி?" என்றேன். குறித்துக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. பூமியைச் சுற்றும் கலங்கள் நிழலுக்குள் போவதும் வருவதும் அன்றாடம் நடப்பது. அதற்கு மின்கலம் இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஒரே ஒரு தளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குப் படவில்லை. அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அதிலிருந்து தொடங்கிய மூன்று வார வேலையின் பதிவு இது.

நிகழ்வு

ஒசைரிஸ்-ரெக்ஸ் 2016 செப்டம்பர் 8 அன்று புறப்பட்டது. 2018 டிசம்பர் 3 அன்று பென்னுவை அடைந்தது. டிசம்பர் 31 அன்று தன் உந்துபொறிகளை எட்டு வினாடி மட்டும் இயக்கிச் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. புத்தாண்டுப் பட்டாசு ஓய்ந்திருக்கும் நேரம். கலம் பூமியிலிருந்து ஏறத்தாழ 11 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அதற்கு முன் அவ்வளவு சிறிய வான்பொருளை எந்த விண்கலமும் சுற்றியதில்லை.

பென்னுவின் சராசரி விட்டம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சுமார் 490 மீட்டர். நிறை ஏறத்தாழ 7,300 கோடி கிலோ. கேட்க மலைப்பாக இருந்தாலும் ஈர்ப்பு என்று பார்த்தால் இது அற்பம். மையத்திலிருந்து சுமார் 1.75 கிலோமீட்டரில் கலம் சுற்றியது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 62 மணி நேரம். வேகம் வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். தரையில் ஊரும் கட்டெறும்பு அதற்கு ஈடுகொடுக்கும்.

மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும் செயற்கைக்கோள்களைப் பற்றியே படித்துப் பழகிய மாணவர்கள் முதலில் இந்த எறும்பு வேகத்தை நம்பவில்லை. நிரலில் எங்கோ அலகு தவறிவிட்டது என்று இரண்டு நாள் தேடினார்கள். அலகு சரியாகவே இருந்தது. பிழை வேறிடத்தில் இருந்தது, அது என்னுடையது.

புறக்கணித்தது எது

வெளிச்சம் தள்ளும். மேக்ஸ்வெல் 1873இல் தன் மின்காந்தக் கொள்கையிலிருந்து இதைச் சொன்னார். ரஷ்யாவின் லெபெதெவ் 1901இல் ஆய்வகத்தில் அளந்து காட்டினார். பூமி இருக்கும் தொலைவில் ஒரு சதுர மீட்டர் கறுப்புப் பரப்பின் மேல் நேராக விழும் வெயில் அதை 4.5 மைக்ரோநியூட்டன் விசையுடன் தள்ளுகிறது. பரப்பு முழுக்கண்ணாடியாக இருந்தால் இதைப் போல் இரண்டு மடங்கு.

எங்கள் கணக்குக்கு முழு எண்களாக எடுத்துக்கொண்டோம்: கலத்தின் நிறை 1,000 கிலோ, வெயில் படும் பரப்பு 10 சதுர மீட்டர். உண்மைக் கலத்தின் அளவுக்கு இது வெகுதூரம் இல்லை. எரிபொருள் நீங்கலாக அதன் நிறை 880 கிலோ, சோலார் பலகைகளின் பரப்பு 8.5 சதுர மீட்டர். அப்படியானால் வெயிலின் தள்ளல் மொத்தம் 45 மைக்ரோநியூட்டன். உள்ளங்கையில் ஒன்றரை எள்ளை வைத்தால் எவ்வளவு பாரம் இருக்குமோ அவ்வளவு.

பாடநூல் பழக்கம் இந்த இடத்தில்தான் நம்மை வழிதவறச் செய்கிறது. ஒரு டன் கலம், ஒன்றரை எள் விசை, எனவே தள்ளுபடி. பூமியைச் சுற்றும் கலத்துக்கு இந்த முடிவு பெரும்பாலும் பிழையாகாது. 500 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் இழுப்போடு ஒப்பிட்டால் வெயிலின் தள்ளல் ஏறத்தாழ 19 கோடியில் ஒரு பங்கு. ஆனால் அதே ஒரு டன் கலத்தை 1.75 கிலோமீட்டரில் இருந்து பென்னு என்ன விசையோடு இழுக்கிறது? கணக்கிட்டபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. 1.6 மில்லிநியூட்டன், அதாவது 1,600 மைக்ரோநியூட்டன். நகைக்கடைப் பழைய தராசில் சொன்னால் ஒன்றேகால் குன்றிமணிக்குச் சற்று மேல்.

ஆக, யானைக்கு எதிரே எள் என்று நான் நினைத்திருந்த இடத்தில் குன்றிமணிக்கு எதிரே எள் இருந்தது. முப்பத்தைந்துக்கு ஒன்று. இழுப்பில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு இருக்கும் விசை, ஓய்வே இல்லாமல், ஒரே திசையில், நாள் முழுவதும் தள்ளுகிறது. ஈர்ப்பே இல்லாத வெட்டவெளியில் அசையாமல் நிற்கும் அந்தக் கலத்தை வெயில் மட்டும் தள்ளினால் ஒரே நாளில் அது 168 மீட்டர் நகர்ந்திருக்கும். வினாடிக்கு 4 மில்லிமீட்டர் வேகமும் பெற்றிருக்கும். சுற்றுவேகமே வினாடிக்கு 53 மில்லிமீட்டர்தான் என்னும்போது 4 என்பது சிறு எண் இல்லை.

களத்துமேட்டில்

எண்களை விளங்கிக்கொண்ட பிறகும் ஒன்று மனத்தில் சரியாக உட்காரவில்லை. விசை ஏன் பரப்பைப் பொறுத்தும், விளைவு ஏன் நிறையைப் பொறுத்தும் இருக்கின்றன என்பதை மாணவர்கள் சூத்திரமாகத்தான் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை அந்தப் பெண்ணின் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தோம். குண்டடம் பக்கம், காட்டுக்கு நடுவில் வீடு. வைகாசிக் கடைசி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கியிருந்தது. தெற்கே காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன.

களத்தில் எள் தூற்றிக்கொண்டிருந்தார் அம்மாயி. காற்றுக்குக் குறுக்கே நின்று, முறத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி, ஓரத்தை லேசாக ஆட்டி ஆட்டிச் சரித்தார். எள் அவர் காலடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குவிந்தது. உடைந்த காய்த்தோடு நாலடி தள்ளி விழுந்தது. காய்ந்த இலைச்சருகு களத்தைத் தாண்டி வேலி வரை போயிற்று. மூன்றும் ஒரே முறத்திலிருந்து, ஒரே உயரத்திலிருந்து, ஒரே காற்றில் விழுந்தவை. காற்று ஓங்கும்போது முறத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். இல்லாவிட்டால் எள்ளும் சேர்ந்து போய்விடும்.

"காற்றுக்கு இதெல்லாம் தெரியாது, வாத்தியார் ஐயா" என்றார் அவர், நான் அருகே போய் நின்றதைப் பார்த்து. "அகலமாக இருந்து கனமில்லாமல் இருந்தால் அது தூரம் போகும். அவ்வளவுதான்."

பரப்புக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை. காற்றின் உந்தலும் ஒளியின் உந்தலும் பிறக்கும் விதம் வேறு. ஆனால் தள்ளப்படும் பொருள் எவ்வளவு நகரும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டிலும் அந்த விகிதம்தான். விண்வெளி வரலாற்றிலும் இது சருகு மாதிரியான ஒரு பொருளில்தான் முதலில் பெரிதாகத் தெரிந்தது. 1960 ஆகஸ்டில் அமெரிக்கா ஏவிய எக்கோ-1, 30 மீட்டர் விட்டமுள்ள பளபளப்பான பலூன். நூறு கிலோவுக்கும் குறைந்த நிறை. ஏறத்தாழ வட்டமாகத் தொடங்கிய அதன் பாதையை வெயில் நீள்வட்டமாக இழுத்துவிட்டது. பூமிக்கு மிக அருகே வரும் புள்ளி சில மாதங்களில் பல நூறு கிலோமீட்டர் இறங்கியது. பூமியின் அவ்வளவு வலுவான ஈர்ப்பையும் மீறி நடந்தது இது.

நம் நாட்டுப் பொறியாளர்களும் இந்தத் தள்ளலை நேரில் எதிர்கொண்டிருக்கிறார்கள். இன்சாட்-2 வரிசைச் செயற்கைக்கோள்கள் சிலவற்றில் வானிலைக் கருவியைக் குளிர்விக்க ஒரு பக்கம் வெறும் விண்வெளியைப் பார்த்திருக்க வேண்டும். அதனால் சோலார் பலகைகளை ஒரே பக்கத்தில் வைத்தார்கள். அப்படி வைத்தால் வெயில் ஒரு பக்கத்தை மட்டும் தள்ளிக் கலத்தைத் திருகும். அதைச் சமன்செய்ய எதிர்ப்பக்கத்தில் நீண்ட கம்பின் நுனியில் ஒரு பாய் கட்டினார்கள். பாரவண்டியில் ஒரு பக்கம் மூட்டை கூடினால் மறுபக்கம் ஆளை உட்கார வைப்பது போன்ற ஏற்பாடு.

ஒன்பது நாள்

நிரலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தோம்: ஒரே திசையில், மாறாத அளவில், வெயிலின் முடுக்கம். கலத்தின் பாதை சூரியனுக்குப் பக்கவாட்டாக, அதாவது பென்னுவின் பகல் பக்கத்துக்கு மேல் வந்து இரவுப் பக்கத்துக்கு மேல் போகும்படி அமைத்தோம். எங்கள் முழு எண்களுக்கு ஒரு சுற்று 58 மணி நேரம் வந்தது.

ஓடவிடுவதற்கு முன் மூவரில் ஒருவன் ஒரு வாதம் வைத்தான். அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மாணவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நானும் அன்றிரவு தாளில் முதலில் எழுதியது இதைத்தான். "பாதி சுற்றில் கலம் வெயிலை எதிர்த்துப் போகிறது, வேகம் குறைகிறது. மறு பாதியில் வெயிலோடு போகிறது, இழந்த வேகம் திரும்பி வருகிறது. ஒரு சுற்று முடிந்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். பிறகு என்ன, ஐயா?"

ஆற்றலைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. சுற்று முடியும்போது மொத்த ஆற்றல் மாறியிருக்காது. சுற்றும் நேரமும் மாறாது. பாதையின் வடிவம் மட்டும் அப்படித் திரும்பி வருவதில்லை. வேகம் கூடுவது எப்போதும் பாதையின் ஒரே பக்கத்தில் நடக்கிறது, குறைவது எப்போதும் எதிர்ப்பக்கத்தில் நடக்கிறது. வெயிலோடு ஓடும் பக்கத்தில் பாதை பென்னுவை நோக்கி இறங்குகிறது. வெயிலை எதிர்த்து வரும் பக்கத்தில் விலகி உயர்கிறது. அடுத்த சுற்றிலும் அதே பக்கம் இறக்கம், அதே பக்கம் ஏற்றம். ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் கட்டிய தூரியை, அது பின்னால் வந்து திரும்பும் அதே இடத்தில் ஒரு விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? தட்டல் சிறிதுதான், வீச்சு ஒவ்வொரு முறையும் கூடும். வெயிலின் திசையும் 58 மணி நேரத்தில் இரண்டு பாகைதான் திரும்புகிறது. ஆகையால் தட்டல் இடம் தவறுவதில்லை.

கையால் போட்ட சராசரிக் கணக்கும் இதையே சொன்னது. தொடக்கத்தில் எல்லாப் பக்கமும் 1,750 மீட்டர். முதல் சுற்று முடிவில் மிக அருகிலுள்ள புள்ளி பென்னுவின் மையத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர். இரண்டாம் சுற்று முடிவில் 870. மூன்றாவது முடிவில் 500. பென்னுவின் ஆரமே 250 மீட்டர் அளவு இருக்க, நான்காவது சுற்று முடிவதற்குள் பாதை தரைக்குள் போய்விட்டது. மொத்தம் ஒன்பது நாள்.

நிரலை ஓடவிட்டபோது ஆய்வகத்தில் பேச்சில்லை. முன்பு அறுபது நாளும் அசையாதிருந்த வட்டம் முட்டையாகி, வெள்ளரிப்பிஞ்சாகி, கோளைத் தொட்டு நின்றது. ஒன்றரை எள்ளின் பாரம் செய்த வேலை அது.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு விடையில் பாதி அப்போதே கிடைத்துவிட்டது. வேறு பக்கமாகச் சுற்றியிருந்தால் அடிக்கடி எரிபொருள் செலவழித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு திருத்தம் தவறினாலும், கலம் பாதுகாப்பு நிலைக்குப் போய்ச் சில நாள் பேசாமல் இருந்தாலும், பாதை கோளின் மேல் வந்து முடியும்.

வெயிலுக்கு நேர்குத்தாக

மறுபாதி விடைதான் இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது.

பாதையின் தளத்தை வெயிலுக்கு நேர்குத்தாகத் திருப்பிவிட்டால் கலம் பகலிரவு எல்லைக்கோட்டுக்கு மேலேயே சுற்றும். சூரியனிலிருந்து பார்த்தால் முழு வட்டமாகத் தெரியும் பாதை இது. இதில் கலம் எந்த நிமிடத்திலும் வெயிலை எதிர்த்தும் போவதில்லை, வெயிலோடும் போவதில்லை, குறுக்கேதான் போகிறது. வேகம் கூடவும் குறையவும் வழியில்லை. தள்ளல் நின்றுவிடவில்லை, அது முழுப் பாதையையும் சேர்த்து இரவுப் பக்கமாகக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறது. எங்கள் கணக்கில் அந்த ஒதுக்கம் 49 மீட்டர். பாதையின் தளம் பென்னுவின் மையம் வழியாகப் போகாமல் 49 மீட்டர் பின்னால் நிற்கும். அங்கே ஈர்ப்பின் சாய்ந்த இழுப்பும் வெயிலின் தள்ளலும் சமமாகிவிடுகின்றன. பாதையை ஒரு கிலோமீட்டருக்குச் சுருக்கினால் ஒதுக்கம் ஒன்பது மீட்டராகக் குறைந்துவிடும்.

இவ்வளவும் ஒரு வாரத்தில் புரிந்தது. பிறகு ஒரு முட்டுக்கட்டை. பென்னு சூரியனைச் சுற்றிவர 436 நாள் ஆகிறது. ஆகவே பென்னுவிலிருந்து பார்த்தால் சூரியன் நாளொன்றுக்கு முக்கால் பாகைக்கு மேல் நகர்கிறது. இன்று வெயிலுக்கு நேர்குத்தாக இருக்கும் தளம் மூன்றரை மாதத்தில் பக்கவாட்டாகிவிட வேண்டும். அப்புறம் ஒன்பது நாள் கதைதான். சுழலும் பம்பரம் போலப் பாதைத்தளமும் தன் திசையை விட்டுக்கொடுக்காது. அப்படியிருந்தும் இத்தகைய பாதைகள் மாதக்கணக்கில் தாமாகவே சூரியனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கும் என்று கோட்பாடு சொல்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டான் ஷீரஸ் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர். அவரும் அவரைப் போன்றோரும் எழுதியிருக்கும் சமன்பாடுகளை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. எது திருப்புகிறது என்று மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

விடை ஒரு சைக்கிள் சக்கரத்தில் கிடைத்தது. ஆய்வகத்தில் பழைய சக்கரம் ஒன்றை அச்சோடு வைத்திருக்கிறோம். அச்சின் ஒரு முனையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தால், அது கீழே சாய்வதில்லை. பாரம் கீழே இழுக்க, சக்கரம் பக்கவாட்டில் மெல்லத் திரும்புகிறது. சுழலும் பொருளைத் திருகினால் அது குறுக்கே திரும்பும். அப்படியானால் பாதைக்கும் சரியான பக்கத்தில் ஒரு சிறு திருகல் கிடைத்தால் போதும்.

பாதை முழு வட்டமாக இருந்தால் வெயில் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும், திருகல் பிறக்காது. கொஞ்சம் நீள்வட்டமாக, அதன் நீண்ட முனை பென்னுவின் ஒரு துருவத்துக்கு மேல் இருக்கும்படி வைத்தால்? நீண்ட முனையில் கலம் மெதுவாகப் போகிறது, அதிக நேரம் தங்குகிறது. நெம்புகோல் நீளமும் அங்கே கூடுதல். நீர் இறைக்கும் ஏற்றத்தின் நீளமான பக்கத்தில் ஆள் நிற்பது போல வெயிலின் தள்ளல் அந்த முனையில் ஓங்குகிறது, தளத்தைத் திருகுகிறது, தளம் குறுக்கே திரும்புகிறது, சூரியன் நகரும் அதே பக்கமாக. எவ்வளவு நீள்வட்டம் வைத்தால் அந்தத் திருப்பம் 436 நாளுக்கு ஒரு முழுச்சுற்றாக அமையும் என்று கணக்கிட்டோம். எங்கள் எண்களுக்கு 13 சதவீதம் வந்தது: அருகில் 1,520 மீட்டர், தொலைவில் 1,980 மீட்டர்.

வட்டத்தைக் குலைத்து ஒன்பது நாளில் கோளின் மேல் கொண்டுபோய் மோதிய அதே தள்ளல் இங்கே பாதையைக் கைப்பிடித்துச் சூரியனோடு திருப்பிக்கொண்டு போகிறது. அந்த நிரலை ஓடவிட்ட பிற்பகல் மின்சாரம் இரண்டு தடவை போயிற்று. மூன்றாம் முறை முழு 436 நாளும் ஓடி முடித்தது. பாதை கொஞ்சம் அசைந்தது, ஆனால் நிலைகுலையவில்லை.

இதற்கும் எல்லை உண்டு. மையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் எங்கள் கலத்துக்கு வெயிலின் தள்ளலும் பென்னுவின் இழுப்பும் சமம். நேர்குத்துப் பாதையே ஆனாலும் சுமார் நாலரைக் கிலோமீட்டரைத் தாண்டினால் நிலைக்காது. வெயில் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். சூரியனின் ஈர்ப்பு மட்டும் எதிரியாக இருந்திருந்தால் 30 கிலோமீட்டர் வரை இடம் இருந்திருக்கும். சிறுகோளின் வீட்டு வாசலை இவ்வளவு குறுக்கியது வெயில்தான். தவிர, பென்னுவின் பாதையும் வட்டமில்லை; சூரியனை நெருங்கும்போது கிடைக்கும் தள்ளல் விலகியிருக்கும்போது கிடைப்பதைப் போல் இரண்டேகால் மடங்கு. கலம் சுற்றத் தொடங்கிய 2018 டிசம்பர் இறுதியில் பென்னு சூரியனுக்கு மிக அருகே வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் முதலில் சொன்ன பதிலும் முழுப் பொய்யில்லை. இந்தப் பாதையில் கலம் நிழலுக்குள் போவதேயில்லை, பலகைகள் எந்நேரமும் வெயிலில் இருக்கின்றன. ஆனால் அது கூடவே கிடைத்த வசதி. அதற்கு ஒரு விலையும் உண்டு: கீழே தெரியும் நிலம் எப்போதும் விடியலிலோ அந்தியிலோ இருக்கிறது. நிழல்கள் நீண்டு கிடக்கும். மேடுபள்ளம் அறிய நல்லது, பாறையின் நிறமும் கனிமமும் அறியப் போதாது. அதனால்தான் சுற்றுவதை நிறுத்தி, நடுப்பகல் பக்கமாகப் பலமுறை கடந்துபோய்ப் படம் எடுத்தார்கள். 2019 ஜூனில் மீண்டும் சுற்றுக்கு வந்தபோது தரையிலிருந்து 680 மீட்டர் உயரம் வரை இறங்கினார்கள். அங்கும் எல்லைக்கோட்டுப் பாதைதான்.

சுற்றாமல் நின்றவர்கள்

ஜப்பானியர் வேறு வழி எடுத்தார்கள். 2005 செப்டம்பரில் இடோகாவா சிறுகோளை அடைந்த ஹயபூசா அதைச் சுற்றவே இல்லை. சூரியனும் பூமியும் இருக்கும் பக்கத்தில், சில கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இடோகாவா பென்னுவில் பாதி நிறைகூட இல்லாதது; அந்தத் தொலைவில் வெயிலின் தள்ளல் ஈர்ப்பைவிடப் பெரிது. இரண்டும் கலத்தைக் கோளை நோக்கியே நகர்த்தும். அவ்வப்போது உந்துபொறியால் பின்வாங்கிக்கொள்ள வேண்டும். 2018இல் ரியூகு என்ற சிறுகோளுக்குப் போன ஹயபூசா-2 கலமும் 20 கிலோமீட்டரில் அப்படித்தான் நின்றது. நிற்பதா சுற்றுவதா என்பதில் எனக்குச் சுற்றுவதே மேல் என்று படுகிறது, ஈர்ப்புப் புலத்தை நுணுக்கமாக அளக்க அதற்கு இணையில்லை. ஆனால் ஹயபூசாவிடம் ஒன்றைக் கற்க வேண்டும். கலத்தின் முகத்தைத் திருப்பும் எதிர்வினைச் சக்கரங்கள் பழுதாகி, எரிபொருள் கசிந்து, ஊனப்பட்ட அந்தக் கலம் திரும்பி வரும் வழியில் தன் முகத்திசையைக் காக்க வெயிலின் தள்ளலையே துணையாகக் கொண்டது. 2010 ஜூனில் இடோகாவாவின் துகள்களோடு பூமி வந்து சேர்ந்தது.

கூழாங்கற்கள்

கலம் சுற்றத் தொடங்கி ஆறே நாளில், 2019 ஜனவரி 6 அன்று, பென்னுவின் தரையிலிருந்து கற்கள் தெறித்துப் பறப்பதை அதன் கேமரா கண்டது. யாரும் எதிர்பார்த்திராத காட்சி. சில கற்கள் தப்பி ஓடின. சில மீண்டும் விழுந்தன. சில ஓரிரு நாள் சுற்றிவிட்டு விழுந்தன. படத்தில் அவை ஒளிப்புள்ளிகள் மட்டுமே, அளவு தெரியாது. ஆய்வாளர்கள் அவற்றின் பாதையை வரைந்து, வெயில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஒதுக்கத்திலிருந்து பரப்புக்கும் நிறைக்கும் உள்ள விகிதம். விகிதத்திலிருந்து கல்லின் பருமன். ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியவை முதல் சில சென்டிமீட்டர் வரையிலான கற்கள்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்தாள். "அம்மாயி களத்தைக் கூட்டும்போது இதைத்தான் செய்வார், ஐயா. வேலியோரம் எள் கிடந்தால் அது பொக்கு என்று கையில் எடுக்காமலே சொல்லிவிடுவார்."

2020 அக்டோபர் 20 அன்று கலம் பென்னுவைத் தொட்டு மண் எடுத்தது. எட்டு மீட்டர் ஆரமுள்ள இடத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. குறித்த புள்ளியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இறங்கியது. அந்தத் துல்லியத்துக்காக வழிகாட்டும் குழு, வெயில் கலத்தின் எந்தெந்த முகத்தில் எந்தக் கோணத்தில் படுகிறது, சூடான முகங்கள் திருப்பி வீசும் வெப்பம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது வரை கணக்கில் வைத்திருந்தது. 2023 செப்டம்பர் 24 அன்று பூமிக்கு வந்த கூட்டில் 121.6 கிராம் மண் இருந்தது.

எங்கள் நிரலில் கலம் இன்னும் தட்டையான ஒரு கறுப்புப் பலகைதான். மூவரில் இருவர் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டார்கள். அந்தப் பெண் மட்டும் கலத்தை எடுத்துவிட்டு ஒரு சென்டிமீட்டர் கல்லை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அதன் பரப்பு-நிறை விகிதம் எங்கள் கலத்தைப் போல் ஏழு மடங்குக்கு மேல். பக்கவாட்டுப் பாதையில் விட்டால் ஒரு சுற்றைக்கூட அது ஒழுங்காக முடிப்பதில்லை. எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து தெறித்த கல் அதிக நாள் தாங்கும் என்று பகலிரவுக் கோட்டின் இரு பக்கமும் பாகை பாகையாக மாற்றிப் பார்த்து அட்டவணை போட்டுவருகிறாள். நேற்று வரை நாற்பது பாகை முடிந்திருக்கிறது.